பனியாற்று முகப்பு முன்னே வந்ததா, பின்னே போனதா? எந்தக் கோட்டை நம்புவது?

முகில்வண்ணன் எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். தொலையுணர்வில் முதுகலை படிக்கிறேன். திட்டக்கட்டுரைக்கு எடுத்துக்கொண்டது கிரீன்லாந்தின் மேற்குக் கரையில், இலுலிசாட் ஊருக்குப் பக்கத்தில் கடலில் முடியும் வடிகால் பனியாறு, அதாவது பெரிய பனிவிரிப்பிலிருந்து பனியைக் கடலுக்கு இறக்கும் பனியாறு. பழைய வரைபடங்களில் யாக்கோப்ஸாவ்ன், அந்த ஊர்க்காரர்கள் சொல்வது செர்மெக் குயாலெக். 1985-இலிருந்து அதன் முகப்பு (பனி முடிந்து கடல் தொடங்கும் விளிம்பு) எவ்வளவு முன்னே வந்தது, எவ்வளவு பின்னே போனது என்று ஆண்டுவாரியாக ஒரு வரைகோடு போட வேண்டும்.

லேண்ட்சாட் 5, 7, 8 செயற்கைக்கோள் படங்களில் ஆண்டுக்கு ஒன்று, மேகம் இல்லாத நல்ல படமாகப் பார்த்து எடுத்தேன். கியூஜிஐஎஸ் என்ற வரைபட மென்பொருளில் முகப்பைக் கையால் வரைந்தேன். பனி ஓடும் திசையில் நடுவே ஒரு மையக்கோடு போட்டு, ஒவ்வோர் ஆண்டின் முகப்பும் அதை எங்கே வெட்டுகிறது என்று தூரம் எடுத்தேன். நல்ல படம் அமையாத ஆண்டுகளுக்கு, நாசாவின் மெஷர்ஸ் திட்டத்தில் ரேடார் படங்களிலிருந்து வரைந்து வெளியிட்டிருக்கும் முகப்புக் கோடுகளைச் சேர்த்துக்கொண்டேன்.

2000-ஐ ஒட்டிப் பனியாறு பெரிதாகப் பின்வாங்கியது தெளிவாகத் தெரிகிறது. அதற்குப் பிறகுதான் குழப்பம். ஓர் ஆண்டு மூன்று நான்கு கிலோமீட்டர் முன்னே, மறு ஆண்டு அவ்வளவே பின்னே என்று கோடு குதிக்கிறது. 2015 ஆகஸ்ட் படத்தையும் 2017 மே படத்தையும் அடுத்தடுத்து வைத்தால் முகப்பு ஏகத்துக்கும் முன்னேறியிருக்கிறது. 2016-க்குப் பின் இந்தப் பனியாறு மறுபடி வளர்ந்தது என்று படித்திருக்கிறேன். ஆக என் கோடு சரியாகத்தான் காட்டுகிறது என்று எனக்குத் தோன்றுகிறது. வழிகாட்டி ஆசிரியரோ "இந்த முன்னேற்றத்தை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன், போய் யோசி" என்று சொல்லிவிட்டார்.

இது உண்மையான முன்னேற்றமா, இல்லையா? இந்த வேலையில் பழக்கமுள்ளவர்கள் சொல்லுங்கள்.

—

சாம்பல்நாரை எழுதியது:

தம்பி, உங்கள் ஆசிரியர் ஏன் ஒப்புக்கொள்ளவில்லை என்பது உங்கள் கேள்விக்குள்ளேயே இருக்கிறது. ஒரு படம் ஆகஸ்ட், மற்றது மே.

நான் ஓர் ஆய்வுக்குழுவில் பனியாற்று முகப்பு வரைவதையே பிழைப்பாகக் கொண்டவள். கிரீன்லாந்துதான் பெரும்பாலும். வரைகோட்டைக் கையில் கொடுத்தால் நான் முதலில் பார்ப்பது தூரத்தை இல்லை, தேதியை. கடலில் முடியும் வடிகால் பனியாறுகள் குளிர்காலத்தில் முன்னே வரும், கோடையில் பின்னே போகும். குளிர்காலத்தில் ஃபியோர்டு (செங்குத்துப் பாறைகளுக்கு நடுவே நிலத்துக்குள் நீளும் குறுகிய கடல்) முழுக்க உடைந்த பனிமலைகளும் கடல்பனியும் ஒன்றோடொன்று இறுகி ஒட்டிக்கொள்ளும். மெலாஞ்ச் என்கிறோம். அது முகப்பை முட்டுக்கொடுத்துப் பிடித்துக்கொள்வதால் உடைந்து விழுவது குறைகிறது. பனி பின்னாலிருந்து வந்துகொண்டேதானே இருக்கிறது? ஆகவே முகப்பு கடலுக்குள் நீளும். வசந்தத்தின் கடைசியில் அந்த மெலாஞ்ச் தளர்ந்ததும் நீண்டதெல்லாம் பெரிய பெரிய துண்டுகளாகக் கழன்றுவிடும்.

எல்லாப் பனியாற்றுக்கும் இது உண்டு என்றாலும் உங்கள் பனியாற்றில் அளவு மிகப் பெரியது. 1960களிலிருந்து 1990களின் நடுப்பகுதி வரை ஓர் ஆண்டுக்குள் முகப்பு சுமார் இரண்டரை கிலோமீட்டர் போய்வந்துகொண்டிருந்தது. 2003-க்குப் பிறகு அது ஐந்தாறு கிலோமீட்டர் வரை போயிருக்கிறது. மே மாதத்துக் கோட்டையும் ஆகஸ்ட் கோட்டையும் இணைத்தால் மூன்று நான்கு கிலோமீட்டர் "முன்னேற்றம்" எந்த இரண்டு ஆண்டுகளுக்கு வேண்டுமானாலும் கிடைக்கும். ஓர் ஆண்டு ஏற்றத்தின்போதும் மறு ஆண்டு வற்றத்தின்போதும் கடற்கரையில் கயிறு பிடித்துவிட்டு, கடல் உள்வாங்கிவிட்டது என்று சொல்வதைப் போல.

மெஷர்ஸ் கோடுகளைச் சேர்த்தது இன்னொரு பங்கு. அந்த ஆண்டுக் கோடுகள் குளிர்கால ரேடார் படங்களில் வரைந்தவை, அதாவது முகப்பு நீண்டிருக்கும் சமயம். இதற்கு நேர் எதிராக, டென்மார்க்–கிரீன்லாந்து புவியியல் ஆய்வகமான ஜியஸ் 1999 முதல் 47 பெரிய வடிகால் பனியாறுகளுக்கு ஆண்டுதோறும் ஒரு கோடு வெளியிடுகிறது. அவர்கள் எடுப்பது உருகுகாலத்தின் கடைசிக் கட்டம், முகப்பு மிகவும் ஒடுங்கியிருக்கும் நேரம். இரண்டு தொகுப்பும் அருமையானவை, இரண்டையும் நான் தினமும் திறக்கிறேன். ஆனால் ஒன்றில் இருக்கும் ஓட்டையை மற்றதால் அடைக்கக் கூடாது. நீங்கள் செய்தது அதுதான்: கோடைக் கோடுகளுக்கு நடுவே சில குளிர்காலக் கோடுகள். குதிப்பதில் பாதி அங்கிருந்து வருகிறது.

இப்போது கேள்வியின் சுவாரசியமான பகுதி. நீங்கள் படித்தது பொய்யில்லை. 2016-இலிருந்து இரண்டு மூன்று ஆண்டுகள் இந்தப் பனியாறு உண்மையிலேயே வேகம் குறைந்தது, முகப்புக்கு அருகே தடித்தது, முன்னேயும் வந்தது. உங்கள் ஃபியோர்டு போய்ச் சேரும் டிஸ்கோ விரிகுடாவின் ஆழத்து நீர் குளிர்ந்ததுதான் காரணம் என்று 2019-இல் வந்த ஆய்வு காட்டியது. நாசாவின் ஓஎம்ஜி திட்டம் 2016-இலிருந்து ஒவ்வோர் ஆண்டும் கிரீன்லாந்தைச் சுற்றி விமானத்திலிருந்து கடலில் அளவிகளைப் போட்டு நீரின் வெப்பத்தை அளந்துகொண்டிருந்ததால்தான் அதைக் கையும் களவுமாகப் பிடிக்க முடிந்தது. அதற்கு இருபது ஆண்டு முன்னால், 1997-ஐ ஒட்டி, அதே விரிகுடாவுக்குள் வெதுவெதுப்பான நீர் புகுந்ததும், பிறகு மிதந்துகொண்டிருந்த பதினைந்து கிலோமீட்டர் நீள நாக்கு சிதறிப்போனதும் உங்களுக்குத் தெரிந்திருக்கும். அந்த நாக்கு போன பிறகு வேகம் ஏறத்தாழ இரட்டிப்பாகி, 2012 கோடையில் நாளைக்கு 46 மீட்டர் என்ற உச்சத்தைத் தொட்டது.

ஆக 2016-க்குப் பின் முன்னேற்றம் உண்மை. ஆனால் அதை உங்கள் இரண்டு படங்கள் நிரூபிக்கவில்லை. அவை காட்டுவதில் பருவம் எவ்வளவு, பனியாறு எவ்வளவு என்று பிரிக்க வழியே இல்லை. விடை சரியாக வந்தும் கணக்குக்கு மதிப்பெண் கிடையாது என்ற நிலை.

என்ன செய்யலாம்? எல்லா ஆண்டுக்கும் ஒரே காலச் சாளரம். நான் ஆகஸ்ட் நடுவிலிருந்து செப்டம்பர் நடுவரை எடுப்பேன். அந்தச் சாளரத்துக்குள் மேகமில்லாத படம் கிடைக்காவிட்டால் அந்த ஆண்டை வெற்றாக விடுங்கள். ஏப்ரலில் ஒரு அழகான படம் இருக்கிறதே என்று கை துறுதுறுக்கும். வேண்டாம். வரைகோட்டில் ஓர் இடைவெளி இருப்பது குறையே இல்லை. செப்டம்பர் கடைசிக்குப் போகவும் வேண்டாம்; சூரியன் தாழ்ந்துவிடும், ஃபியோர்டின் தெற்குச் சுவர் நிழல் முகப்பின் மேல் படுத்துவிடும், பனி எது நிழல் எது என்று கண்ணைக் கசக்க வேண்டிவரும்.

மையக்கோட்டையும் மாற்றுங்கள். நடுவில் ஒரு கோடு வெட்டும் புள்ளி, அன்றைக்கு அந்த இடத்தில் ஒரு பெரிய துண்டு கழன்றிருந்தால் ஒரு கிலோமீட்டர் பின்வாங்கியதாகச் சொல்லும். இரு பக்கமும் அசையாமல் இருந்தாலும் அதற்குத் தெரியாது. பெட்டி முறைதான் எனக்குப் பிடித்தது. பனியாற்றின் அகலத்துக்கு இரு பக்கமும் இரண்டு இணைகோடு, பனி வரும் மேற்பக்கத்தில் எந்த ஆண்டிலும் முகப்பு போய்ச் சேராத இடத்தில் ஒரு குறுக்குக்கோடு. முகப்புக்கும் குறுக்குக்கோட்டுக்கும் நடுவே இருக்கும் பரப்பைப் பெட்டியின் அகலத்தால் வகுத்தால் சராசரி நீளம் வரும். ஆண்டுக்கு ஆண்டு அந்த நீளம் மாறுவதே உங்கள் வரைகோடு. யாக்கோப்ஸாவ்னில் ஒரு கூடுதல் தொல்லை: பின்வாங்கிப் பின்வாங்கி அது வடக்குக் கிளை, தெற்குக் கிளை என்று பிரிந்துவிட்டது. இரண்டையும் ஒரே பெட்டியில் அடைத்தால் வேகமாக ஓடும் தெற்குக் கிளையின் கதை வடக்குக் கிளையால் மழுங்கிப்போகும். கிளைக்கு ஒரு பெட்டி போடுங்கள்.

பெட்டி முறைக்கும் எதிரிகள் உண்டு. வளைந்து வளைந்து போகும் ஃபியோர்டில் நேர்ப்பெட்டி பக்கச் சுவரில் முட்டும், அப்போது ஃபியோர்டின் வளைவையே பின்பற்றும் வளைப்பெட்டி போட வேண்டும். உங்களுடையது கிட்டத்தட்ட நேராக ஓடுவது, கவலை வேண்டாம்.

இன்னும் ஒன்று, யாரும் சொல்லித் தராதது. பழைய படங்களை நம்பி உடனே வரையாதீர்கள். முதலில் பாறையைப் பாருங்கள். ஃபியோர்டுச் சுவர் எங்கும் போகாது. 1985 படத்தில் ஒரு பாறை மூக்கும் 2015 படத்தில் அதே மூக்கும் ஒன்றன்மேல் ஒன்று உட்காருகிறதா? தரைப்புள்ளிகளை வைத்துத் திருத்தாத படமாக இருந்தால் நூற்றுக்கணக்கான மீட்டர் தள்ளி நிற்கும். கோப்பின் பெயரிலேயே எல்1ஜிஎஸ் என்று இருந்தால் அது திருத்தாத வகை, எல்1டிபி என்றால் நிலப்பரப்பின் உயரத்தையும் கணக்கில் கொண்டு திருத்தியது. லேண்ட்சாட் 7-இல் 2003 மே 31-க்குப் பிந்தைய படங்களில் கோடுகோடாக வெற்றிடம் இருக்கும். வருடிக் கருவியின் ஒரு பாகம் அன்று பழுதாகி, ஒவ்வொரு படத்திலும் ஐந்தில் ஒரு பங்குக்குக் கொஞ்சம் மேல் காணாமல் போனது. படத்தின் நடுப்பட்டையில் பனியாறு விழுந்தால் பிழைத்தோம், ஓரத்தில் விழுந்தால் வெற்றிடத்துக்குள் ஊகித்து வரையக் கூடாது.

மெலாஞ்சுக்கும் முகப்புக்கும் வித்தியாசம் தெரியவில்லை என்றால் ஒரு நாள் தள்ளி எடுத்த இன்னொரு படத்தை மாற்றி மாற்றிச் சிமிட்டிப் பாருங்கள். பனியாறு மொத்தமாக ஒரே அளவு நகரும், வெடிப்புகளின் அமைப்பு அப்படியே இருக்கும். மெலாஞ்சில் துண்டுகள் ஒன்றுக்கொன்று திரும்பும், இடம் மாறும். கோடு போடுவதற்கு இதைவிட நல்ல சாட்சி எனக்குக் கிடைத்ததில்லை.

—

கல்குவியல் எழுதியது:

சாம்பல்நாரை அக்கா சொன்னதற்கு மேல் கிரீன்லாந்தைப் பற்றி நான் சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் நீண்டகாலக் கண்காணிப்பு என்றதும் எல்லோரும் செயற்கைக்கோளிலிருந்தே தொடங்குகிறீர்கள். ஐஸ்லாந்தை ஒரு தடவை எட்டிப் பாருங்கள்.

அங்கே 1930-இல் யோன் எய்த்தோர்ஸ்ஸோன் என்ற வானிலையாளர் தொடங்கிவைத்தார். பனியாற்று முனைக்கு முன்னால் கல் குவித்தோ கம்பம் நட்டோ ஓர் அடையாளம். அங்கிருந்து முனை வரைக்கும் பனி ஓடும் திசையில் நாடா பிடித்து அளப்பது. ஆண்டுக்கு ஒருமுறை, இலையுதிர் காலத்தில். அளப்பவர்கள் பெரும்பாலும் அந்தந்தப் பகுதி விவசாயிகளும் ஆர்வலர்களும். 1950-இல் ஐஸ்லாந்துப் பனியாற்றியல் சங்கம் உருவான பிறகு அவர்கள் அதை எடுத்துக்கொண்டு, யோகுல் என்ற இதழில் அளவுகளை வெளியிட்டு வருகிறார்கள். இலையுதிர் காலம் என்பதைக் கவனியுங்கள். நாடாவும் கம்பமும் மட்டுமே இருந்த காலத்திலேயே "ஒரே பருவம்" என்ற விதி வந்துவிட்டது.

நான் ஐஸ்லாந்தில் படித்தபோது சோல்ஹெய்மாயோகுல் அளக்கப் போனவர்களோடு ஒட்டிக்கொண்டு போயிருக்கிறேன். மிர்தால்ஸ்யோகுல் என்ற பனிமுடியிலிருந்து தெற்கே இறங்கும் வடிகால் பனியாறு அது. முனை முழுக்க எரிமலைச் சாம்பல். கருப்பு மணலுக்கும் கருப்பு அழுக்குப் பனிக்கும் நடுவே பனியாறு எங்கே முடிகிறது என்று பத்தடி தூரத்தில் நின்றுகொண்டே இரண்டு பேர் சண்டை போட்டார்கள். மண்மேடு என்று நினைத்து ஏறி நின்றால் உள்ளே பனி. ஆனால் அது ஓடும் பனியாற்றோடு தொடர்பில்லாமல் கழன்று புதைந்துகிடக்கும் செத்த பனி. அதை முனையாகக் கணக்கில் எடுக்கலாமா கூடாதா? காலால் மிதித்தும் தெரியாத ஒன்றை முப்பது மீட்டர் பிக்சலில் எப்படி வரைகிறார்கள் என்று அன்றைக்கு எனக்கு ஆச்சரியமாக இருந்தது.

இப்போது அங்கே முனைக்கு முன்னால் ஏரி வந்துவிட்டதால் நாடா பிடிக்க வழியில்லை. அருகிலுள்ள ஒரு பள்ளியின் மாணவர்கள் 2010-இலிருந்து ஆண்டுதோறும் போய் அளந்து, ஏரி எவ்வளவு வளர்ந்திருக்கிறது என்று பதிவு செய்கிறார்கள்.

அந்தப் பனியாற்றின் வரலாறு உங்கள் கட்டுரைக்கு உதவும். 1930-இலிருந்து 1960களின் கடைசி வரை பின்வாங்கியது. பிறகு 1970-ஐ ஒட்டித் திரும்பி, 1995 வரை சுமார் ஐந்நூறு மீட்டர் முன்னேறியது. அதன் பிறகு இடைவிடாத பின்வாங்கல், ஒரு கிலோமீட்டருக்கு மேல் போய்விட்டது. 1985-இல் தொடங்கி ஒருவர் பதிவு வைத்திருந்தால், முன்னேற்றத்தின் வால் பகுதியை மட்டும் பார்த்துவிட்டு, "முதலில் கொஞ்சம் வளர்ந்தது, பிறகு உருகியது" என்று எழுதியிருப்பார். 1930-களில் அது எங்கே இருந்தது என்று அவருக்குத் தெரியவே தெரியாது. உங்கள் பனியாற்றுக்கும் இதே கதைதான்: லேண்ட்சாட் 5 மேலே போன நாளில் பனியாறு பிறக்கவில்லை.

முன்னேற்றம் என்றாலே குளிர், பின்வாங்கல் என்றாலே சூடு என்றும் வைத்துக்கொள்ளாதீர்கள். வாட்னாயோகுல் என்ற பெரிய பனிமுடியின் வடக்கே இறங்கும் புரூவார்யோகுல் பனியாறு 1890-இல் சுமார் பத்து கிலோமீட்டர் பாய்ந்து வந்தது. 1963–64-இல் மறுபடி எட்டு கிலோமீட்டர் அளவுக்கு. இது தட்பவெப்பம் காரணமாக இல்லை. பல பத்தாண்டுகள் மேலே பனி சேர்ந்துகொண்டே இருக்கும், அடியில் நீர் அழுத்தம் ஏறி ஒருநாள் மொத்தமாக வழுக்கும். பாய்ச்சல் முடிந்ததும் முனை அசைவற்றுக் கிடந்து, உருகி உருகிப் பின்னே போகும். இப்படிப்பட்ட ஒன்றை மற்ற பனியாறுகளோடு சேர்த்துச் சராசரி எடுத்தால் அந்தச் சராசரிக்குப் பொருளே இல்லை. எது பாயும் வகை என்று முதலில் விசாரித்துவிட்டுத்தான் பட்டியலில் சேர்க்க வேண்டும்.

—

ஏழாம்பேண்ட் எழுதியது:

எல்லோரும் கையால் வரைவதையே பேசுகிறீர்களே! இந்தக் காலத்தில் கணினி வரைந்து தருகிறது. கால்ஃபின் என்று 2021-இல் ஒரு தொகுப்பு வந்தது. நரம்பு வலைப்பின்னல் வைத்து 66 கிரீன்லாந்துப் பனியாறுகளுக்கு 1972-இலிருந்து 2019 வரை இருபத்திரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட முகப்புகள். ஆட்டோடெர்ம் என்று இதே போல் கணினி வரைந்த இன்னொரு தொகுப்பு, அதற்கும் மேலே. முகில்வண்ணன் எல்லாவற்றையும் இறக்கிக்கொண்டு, ஆண்டுக்கு ஒன்று என்ன, மாதத்துக்கு ஒன்று என்று போட்டால் பருவப் பிரச்சினையே தீர்ந்துவிடுமே.

—

சாம்பல்நாரை எழுதியது:

ஏழாம்பேண்ட், நான் எதிரி இல்லை. மாதத்துக்கு ஒன்று இருந்தால் பருவ ஏற்ற இறக்கத்தைக் கண்ணாலேயே பார்த்துவிடலாம், அது பெரிய வரம். நானும் பயன்படுத்துகிறேன்.

ஆனால் அந்த வலைப்பின்னல் எதைப் பார்த்துக் கற்றது? என்னைப் போன்றவர்கள் கையால் வரைந்ததை. மெலாஞ்ச் இறுகிக்கிடக்கும் மார்ச் மாதப் படத்தில் எங்களுக்கே சந்தேகம் இருக்கும் இடத்தில் அதுவும் தடுமாறும்; ஆனால் தடுமாறுவதைச் சொல்லாது, ஒரு கோட்டைப் போட்டுவிடும். ஃபியோர்டுக்குள் மாட்டிக்கொண்ட தட்டையான பெரிய பனிமலை ஒன்றின் முன்விளிம்பை முகப்பு என்று கணினி வரைந்ததை நான் பார்த்திருக்கிறேன். ஒரு தேதிக்கு முன்னும் பின்னும் உள்ள கோடுகளோடு ஒப்பிட்டு, பனி ஓடும் வேகத்துக்கு மீறி முன்னே குதித்திருந்தால் அதைத் தூக்கிவிடுங்கள். பின்னே குதித்தால் தூக்காதீர்கள்! உடைவது ஒரே நாளில் நடக்கும். வளர்வது ஓடும் வேகத்தில்தான் நடக்கும். நாளைக்கு முப்பது மீட்டர் ஓடும் பனியாறு பத்து நாளில் முந்நூறு மீட்டருக்கு மேல் முன்னேற முடியாது. இந்த ஒரு சோதனையிலேயே குப்பையில் பாதி போய்விடும்.

டெர்ம்பிக்ஸ் தொகுப்பையும் முகில்வண்ணன் பார்க்கலாம். பல ஆசிரியர்கள் பல ஆண்டுகளாகக் கையால் வரைந்தவற்றை ஒரே வடிவத்துக்குக் கொண்டுவந்து 2022-இல் வெளியிட்டார்கள். 278 பனியாறுகள், 1916 முதல் 2020 வரை, 39,060 கோடுகள். ஒவ்வொரு கோட்டுக்கும் நாள், எந்தச் செயற்கைக்கோள், யார் வரைந்தது என்று குறிப்பு உண்டு. கோடு எவ்வளவு அழகாக இருந்தாலும் நாள் எழுதாத கோடு எனக்கு வேண்டாம். "2006" என்று மட்டும் எழுதிய கோப்பைக் கண்டால் எரிச்சல்தான் வரும்.

கல்குவியல் சொன்ன 1985-க்கு முந்தைய காலத்துக்கும் வழி இருக்கிறது. 1960களில் அமெரிக்க உளவுச் செயற்கைக்கோள்கள் எடுத்த கொரோனா படங்கள் 1995-இல் வெளியே வந்தன. அதற்கும் முந்தியது கிரீன்லாந்தின் தென்கிழக்குக் கரை: 1930களின் தொடக்கத்தில் கடல்விமானத்திலிருந்து எடுத்த படங்கள் டென்மார்க்கில் ஓர் ஆவணக் காப்பகத்தில் பல பத்தாண்டுகள் கவனிப்பாரற்றுக் கிடந்தன. அவற்றை எடுத்து 132 பனியாறுகளின் எண்பது ஆண்டு வரலாற்றை 2012-இல் வெளியிட்டார்கள். 1930களின் வெப்பத்தில் அங்கே பின்வாங்கல், நூற்றாண்டின் நடுவில் குளிர்ந்தபோது பல முன்னேறியது, 2000-க்குப் பின் மறுபடி பின்வாங்கல். உங்கள் யாக்கோப்ஸாவ்னுக்கு 1850களின் தொடக்கத்திலிருந்தே முகப்பு எங்கே இருந்தது என்று பதிவு உண்டு. அங்கிருந்து 1960கள் வரை இருபது கிலோமீட்டருக்கும் மேல் பின்வாங்கி, பிறகு முப்பது சொச்சம் ஆண்டு கிட்டத்தட்ட ஒரே இடத்தில் நின்றது. உங்கள் 1985 அந்த நின்ற காலத்தின் நடுவில் விழுகிறது.

அதனால்தான் இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன்: 1985-இலிருந்து 2023 வரை ஒரே நேர்கோட்டைப் பொருத்தி "ஆண்டுக்கு இத்தனை மீட்டர்" என்று எழுதாதீர்கள். பதினைந்து ஆண்டு நின்றது, நான்கைந்து ஆண்டில் நாக்கே போனது, பிறகு தள்ளாடியது, பிறகு கொஞ்சம் முன்னேறியது. இதன் சராசரி எந்த ஓர் ஆண்டிலும் நடக்காத ஒன்று.

—

முகில்வண்ணன் எழுதியது:

அக்கா, அண்ணா, எல்லோருக்கும் நன்றி. ஆகஸ்ட் 15 – செப்டம்பர் 15 சாளரம் வைத்து மறுபடி எடுத்தேன். சில ஆண்டுகள் வெற்றாக நிற்கின்றன, அப்படியே விட்டுவிட்டேன். தெற்குக் கிளைக்குத் தனிப் பெட்டி. குதிப்பு பெரும்பாலும் அடங்கிவிட்டது. 2016-க்குப் பிறகான முன்னேற்றம் இன்னும் தெரிகிறது, ஆனால் முன்பு வந்ததைவிட மிகச் சிறியது.

இரண்டு சந்தேகம். பருவ ஏற்ற இறக்கத்தை மொத்தமாகக் கழித்துவிட்டோமே, அதில் பயனே இல்லையா? இன்னொன்று, முகப்பு முன்னே வந்தால் பனி கூடியது என்று எழுதலாமா? ஆசிரியர் இதை நிச்சயம் கேட்பார்.

—

சாம்பல்நாரை எழுதியது:

இரண்டாவதற்கு முதலில்: எழுதக் கூடாது. முகப்பு ஒரு விளிம்பு மட்டும்தான். விளிம்பு அசையாமல் நிற்க, பின்னால் பனி மெலிந்துகொண்டே போவது சாதாரணம். 2016-க்குப் பின்னும், முகப்பின் அருகே தடித்தபோதிலும், இந்தப் பனியாறு பனிவிரிப்பின் உள்பகுதியிலிருந்து கொண்டுவந்து கொட்டிய பனி அங்கே மழையாகவும் பனிப்பொழிவாகவும் சேர்ந்ததைவிடக் கூடுதலாகவே இருந்தது. பனி கூடியதா என்று சொல்ல உயரமானி, ஈர்ப்பு அளவு, ஓட்ட வேகம் என்று வேறு தரவு வேண்டும். உங்கள் தலைப்பு முகப்பின் நகர்வு, அதற்குள் நில்லுங்கள்.

ஆனால் எதிர்ப்பக்கமும் உண்டு. முகப்பின் பின்வாங்கலை நிறைக் கணக்கில் சேர்க்காமல் விட்டதால் கிரீன்லாந்தின் இழப்பைக் குறைத்தே மதிப்பிட்டிருந்தோம் என்று 2024-இல் ஓர் ஆய்வு வந்தது. 1985-இலிருந்து 2022 வரை முகப்புகள் பின்வாங்கியதால் மட்டும் சுமார் 5,091 சதுர கிலோமீட்டர் பரப்பும், 1,034 ஜிகா டன் பனியும் போயிருக்கின்றன. அதில் பெரும்பகுதி ஏற்கெனவே கடலில் இருந்த பனி என்பதால் கடல்மட்டம் நேரடியாக ஏறவில்லை. ஆனால் முட்டுக்கொடுத்த பனி போனால் பின்னால் இருப்பது வேகமெடுக்கும், உருகிய நன்னீர் கடல் ஓட்டத்தில் கலக்கும். உங்களுடைய வேலைக்கு ஏன் மதிப்பு என்று முன்னுரையில் எழுத இது போதும்.

அதே ஆய்வில்தான் உங்கள் முதல் சந்தேகத்துக்கும் பதில் இருக்கிறது. ஓர் ஆண்டுக்குள் அதிகமாக முன்னும் பின்னும் ஆடும் பனியாறுகளே நீண்டகாலத்திலும் அதிகம் பின்வாங்கியிருக்கின்றன. அந்தப் பருவ ஆட்டத்தைத் தூக்கிப் போடாதீர்கள். நீண்டகால வரைகோட்டிலிருந்து அதை விலக்கி, தனியே இன்னொரு படமாகப் போடுங்கள். சென்டினல்-1 என்ற ரேடார் செயற்கைக்கோள் 2014 கடைசியிலிருந்து இருட்டிலும் மேகத்திலும் பார்க்கிறது. ஒளிப்படங்களுக்கு நவம்பர் முதல் ஜனவரி வரை அங்கே வேலையில்லை. 2015-இலிருந்து மாதத்துக்கு ஒரு ரேடார் படம் எடுத்து, அதே பெட்டியில் அளந்து, ஆண்டுக்குள் பெருமமும் சிறுமமும் எவ்வளவு என்று காட்டுங்கள். 2021 டிசம்பரில் அதன் ஜோடியான சென்டினல்-1பி நின்றுபோனதால் அதற்குப் பின் படங்களுக்கு இடையே நாட்கள் கூடியிருக்கும், குறிப்பில் எழுதிவிடுங்கள்.

ரேடாரில் வரையும்போது ஒன்று: ஈரப் பனி கறுத்துத் தெரியும், மெலாஞ்ச் சில நாள் பனியாற்றைவிட வெளிச்சமாக இருக்கும். ஒரே பாதையில், ஒரே திசையில் பறந்தபோது எடுத்த படங்களை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். ஏறுபாதைப் படத்தையும் (வடக்கே போகும்போது எடுத்தது) இறங்குபாதைப் படத்தையும் (தெற்கே வரும்போது எடுத்தது) கலந்தால் செங்குத்தான முகப்பு ஒன்றில் கடல் பக்கமும் மற்றதில் நிலத்துப் பக்கமும் சாய்ந்து விழும். அந்த விலகலைப் பனியாற்றின் தலையில் கட்டிவிடுவீர்கள்.

—

கல்குவியல் எழுதியது:

பிழை அளவும் கேட்பார்கள். ஒரே படத்தை ஒரு வாரம் கழித்து, முதல் கோட்டை மறைத்துவிட்டு மறுபடி வரையுங்கள். நண்பர் ஒருவரையும் வரையச் சொல்லுங்கள். மூன்று கோட்டுக்கும் நடுவே வரும் வித்தியாசம்தான் உங்கள் கையின் பிழை; அதோடு பிக்சல் அளவையும் பாறையை வைத்துப் பார்த்த இடவிலகலையும் சேர்த்தால் மொத்தப் பிழை. 2016-க்குப் பின் வரும் அந்தச் சிறிய முன்னேற்றம் இதைவிடப் பெரிதாக இருந்தால் ஆசிரியரிடம் தைரியமாகக் கொண்டுபோங்கள்.